பார்க்கக் கற்கும் இரண்டு ஆண்டுகள்

பாடம்

சிபிஎஸ்இ பள்ளிகளில் பிளஸ் ஒன்னிலும் பிளஸ் டூவிலும் ஓவியத்தை ஒரு பாடமாக எடுக்கலாம். எழுத்துத் தேர்வுக்கு 30 மதிப்பெண், செய்முறைக்கு 70. எழுதுவதைவிடக் கையால் செய்து காட்டுவதற்கு இரண்டு பங்குக்கு மேல் மதிப்பு. பதினாறு வயதுக்கு இது நல்ல ஏற்பாடு.

ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் பல பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அங்கே வழக்கமாக எடுக்கும் குரூப்புகளில் ஓவியம் வராது. 2012இல் தமிழக அரசு பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது ஓவிய ஆசிரியர்களும் வந்தார்கள். அப்போது மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை. அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய கலைத் திருவிழா மேல்நிலை வகுப்புகளுக்கும் ஒரு மேடையைத் தந்தது. ஆனால் மேடை வேறு, வாரம் தவறாமல் வரும் பாடவேளை வேறு. உலகத்தைத் தன் கண்ணால் பார்க்கத் தொடங்கும் வயதில்தான் பிள்ளையின் கையிலிருந்து வரைபென்சில் நழுவிப்போகிறது.

குடம்

சனிக்கிழமை மதியங்களில் பிளஸ் ஒன் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து வரைகிறேன். நடுவில் ஒரு பித்தளைக் குடம், பக்கத்தில் இரண்டு எலுமிச்சை, பின்னால் மடிப்பு விழும்படி தொங்கவிட்ட ஒரு துணி.

எல்லோரும் முதலில் குடத்தின் வாயை வட்டமாகப் போடுகிறார்கள். வாய் வட்டம் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைப் போடுகிறார்கள், தெரிவதைப் போடுவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் வாய் நீண்டு ஒடுங்கிய வளையமாகத்தான் தெரியும். கண் மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க அந்த வளையம் அகன்றுகொண்டே போகும். ஆகவே அடிப்பாகத்தின் வளைவு வாயின் வளைவைவிட அதிகம். பிள்ளைகளோ அடியில் நேர்கோடு இழுத்து, தரையில் குடத்தை உட்காரவைத்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

இதை நான் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு கண்ணை மூடி, பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து அளக்கச் சொல்கிறேன். அளந்து பார்த்துவிட்டு அவர்களே ரப்பரைத் தேடுகிறார்கள். தனக்குத் தெரியும் என்று நம்பியதைத் தானே அழித்துவிட்டு மறுபடி பார்ப்பது பெரிய ஒழுக்கம். புத்தகம் அதைப் பற்றிச் சொல்லலாம். குடம் அதைச் செய்யவைக்கிறது.

கண்

இந்தப் பகுதியில் கூர்மையான கண்களுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளின் அம்மா, அக்காக்களில் பலர் தொழிற்சாலை லைனில் நிற்கிறவர்கள். வெள்ளை வெளிச்சத்தின் கீழ் ஒரு கீறலை, பெயின்டில் ஒரு புள்ளியை, சரியாக உட்காராத ஒரு கிளிப்பைச் சில நொடிக்குள் கண்டுபிடிப்பவர்கள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது அவர்கள் கண்ணில் இருப்பது அந்த உழைப்பின் களைப்பு. அதை மதிக்காமல் ஓவியத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை.

இரண்டு பார்வைக்கும் அடித்தளம் ஒன்றுதான். கவனம். பிரிகிற இடம் ஒன்று உண்டு. சரியாக இருக்கும் பொருளைத் தரச் சோதனை உடனே விட்டுவிடும். விட்டுவிடத்தான் வேண்டும், அடுத்தது வந்துகொண்டிருக்கிறது. ஓவியம் அங்கேதான் தொடங்குகிறது. குறையில்லாத ஒரு எலுமிச்சையை அரை மணி நேரம் பார்ப்பதற்கு அது இடம் தருகிறது. நிழல் விழும் பக்கத்தில் விளிம்பை ஒட்டி, தரையிலிருந்து திரும்பி வரும் மெல்லிய வெளிச்சம் ஒன்று இருக்கும். அதை முதன்முறையாகக் கண்டுகொண்ட பெண் தலை நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தாள். அவர்கள் வீட்டிலும் எலுமிச்சை தினமும் இருக்கிறது.

கோடு

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றில் வரிசையாகச் சிறிய சன்னதிகள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கோயில். அந்தச் சன்னதிச் சுவர்களில் ஓவியங்கள் இருப்பதை 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரெய் கண்டறிந்தார். வண்ணம் பெரும்பாலும் போய்விட்டது. சில இடங்களில் ஒரு தோளின் வளைவு, ஒரு விரல், ஒரு கண்ணின் ஓரம் மட்டும் நிற்கின்றன. பிள்ளைகளை அழைத்துப்போய் அதன் முன் நிற்கவைத்தால், வரைந்த கை எங்கே அழுத்தியது, எங்கே தளர்ந்தது என்று அவர்களால் படிக்க முடிகிறது.

அதே பாடத்தைச் சாலையிலும் படிக்கலாம். ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் பெட்ரோல் டேங்கில் ஓடும் பொன்னிறக் கோடுகளைத் தூரிகை கொண்டு கையாலேயே போடும் வழக்கம் திருவொற்றியூர் ஆலையில் பல காலம் நிலைத்த ஒன்று. அந்த நிறுவனம் 2013 முதல் ஒரகடத்திலும் வண்டி செய்கிறது. வளைந்த உலோகத்தின் மேல் தடுமாறாமல் ஒரு கோடு போவதற்கு மூச்சும் தோளும் விரலும் ஒன்றாக வேண்டும். பல்லவச் சுவருக்கும் புல்லட் டேங்குக்கும் நடுவே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. கையின் தவம் மாறவில்லை.

உடல்

சிபிஎஸ்இ பிளஸ் டூ ஓவியப் பாடத்தில் வரும் நவீனச் சிற்பங்களில் ஒன்று தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை. 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்பை ஏற்று நெடுங்காலம் அதை நடத்தியவர் அவர். மெரினாவில் 1959 முதல் நிற்கும் அந்தச் சிலையில் நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். அந்தப் பள்ளியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் அதற்கு மாதிரியாக நின்றதாகச் சொல்வார்கள்.

தேர்வுக்கு இதை ஐந்து வரியில் எழுதிவிடலாம். வரைந்து பார்த்தால் வேறு ஒன்று புரிகிறது. எடை முழுவதும் பாறையில் இல்லை, பின்னங்காலில் இருக்கிறது. அந்தக் கால் தரையை மிதிக்கும் கோணத்தைத் தவறாகப் போட்டால் நான்கு பேரும் சும்மா நிற்பதுபோல் ஆகிவிடும். அப்பா லோடு ஏற்றும் வேலைக்குப் போகிற ஒரு பையன் அந்தக் காலை ஒரே முயற்சியில் சரியாகப் போட்டான். அந்த எடை அவன் வீட்டிலேயே இருந்தது. கலை வரலாறு தன்னைப் பற்றியும் பேசுகிறது என்று அன்று அவனுக்குத் தெரிந்தது.

கேள்வி

“இதப் படிச்சா என்ன வேலை சார் கெடைக்கும்?” பெற்றோர் கேட்கிறார்கள். வாடகையும் கடனும் தெரிந்தவர்களின் நியாயமான கேள்வி அது, நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கி, பிறகு ராய் சௌத்ரி நடத்திய அந்தப் பள்ளி இன்று சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக் கலைக்கென்றே ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. இரண்டும் இங்கிருந்து எட்டாத தூரத்தில் இல்லை. ஒரு காரின் உருவம்கூட ஷீட் மெட்டலுக்குப் போகும் முன் பெரும்பாலும் களிமண்ணில்தான் பிடிக்கப்படுகிறது; அந்த மண்ணில் கை வைப்பவர் சிற்பம் பயின்றவராக இருக்கலாம். நம் ஊரில் வண்டியைப் பூட்டுகிறவர்களின் பிள்ளை, வண்டியின் வளைவை முடிவு செய்கிற இடத்துக்குப் போகக்கூடாதா?

எல்லோரும் போகமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பலர் டிப்ளமோவுக்கும் லைனுக்கும்தான் போவார்கள். அவர்களுக்கும் இந்தப் பாடம் வேண்டும் என்பதே என் எண்ணம்.

வேண்டுவது

இந்தப் பகுதி கண் முன்னே உருமாறிக்கொண்டிருக்கிறது. நேற்றைய வயல் இன்று கன்டெய்னர் யார்டு. ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரு மதியம் வரைந்த பிள்ளைக்கு மதகு எங்கே, பனைகள் எத்தனை, தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரியும். அந்தக் கரை மாறும்போது அதைச் சொல்லவும் தெரியும். வரையாத பிள்ளைக்கு அது பஸ் ஜன்னலில் கடந்துபோகும் ஓர் இடம்.

ஆகவே ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் முழுநேர ஓவிய ஆசிரியர் ஒருவரும், வாரத்தில் இரண்டு பாடவேளையும் வேண்டும் என்று நம்புகிறேன். குறையைக் கண்டுபிடிக்கும் வேலையை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். சரியாக இருப்பதை நின்று பார்க்கக் கற்றுத் தருவது பள்ளியின் கடமை. எது சரியாக இருந்தது என்று அறிந்தவர்தான், அது கெடும்போது கேள்வி கேட்பார்.