நெஞ்சுக்குழியில் ஒரு குகை

புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் வட்டத்தில் இருக்கிறது அரிமளம். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள் 1878-ல் சமாதி அடைந்த ஊர். 'மனோன்மணீயம்' எழுதிய பெ.சுந்தரம் பிள்ளையின் ஞானகுரு இவர். அந்தப் பக்கம் போனால், அதிஷ்டானத்தின் முன் நின்று யோசித்துப் பாருங்கள். நாம் கைகூப்பி நிற்பது எதன் முன்னால்? ஒரு குழியின் முன்னால்!

துறவிகளைத் தகனம் செய்வதில்லை. அமர்ந்த கோலத்தில் குழிக்குள் இருத்தி, விபூதியும் உப்பும் கற்பூரமும் இட்டு மூடுவது மரபு. இந்தக் கிரியையை விவரிக்கும் திருமூலர், அந்த இடத்தைக் குறிக்கக் 'குகை' என்ற சொல்லை எடுத்தாள்கிறார்.

நம் உடம்பிலும்தான் எத்தனை குழிகள்! குழந்தைக்குப் பாட்டி எண்ணெய் வைப்பது உச்சிக்குழியில். சிரித்தால் கன்னக்குழி. சோறு இறங்காமல் நிற்பது தொண்டைக்குழியில். துக்கம் வந்து அடைப்பது நெஞ்சுக்குழியை. இறைவன் உறையும் இடத்துக்கு நாராயண சூக்தம் அடையாளமே சொல்கிறது: தொண்டைக்குக் கீழே, தொப்புளுக்கு ஒரு சாண் மேலே. அளந்து பாருங்கள், கை நெஞ்சுக்குழியில் வந்து நிற்கும்.

உபநிடதங்கள் அந்த இடத்தையும் குகை என்றே சொல்கின்றன. வடமொழியில் 'குஹ்' என்றால் மறைத்தல். இதயக் குகையில் மறைந்து உறைபவன் என்பதால் முருகன், குகன். (குழியும் குகையும் ஒரே வேர் என்று நினைத்துவிடாதீர்கள். குழி தமிழ். ஓசை ஒத்துப்போனால் உறவாகிவிடாது!)

சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் அத்தியாயம் அதையே 'தஹரம்' என்கிறது. சிறியது என்று பொருள். அத்தனை சிறிய வெளியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேள்வி எழுகிறது. வெளியே விரிந்த ஆகாயம் எவ்வளவோ, அவ்வளவும் உள்ளே உண்டு என்கிறார் குரு. அடுத்த கேள்விதான் கூர்மையானது. 'இந்த உடம்பு மூத்து விழும்போது என்ன மிஞ்சும்?'

பெற்றவர்களைப் பறிகொடுத்த எவரும் கேட்கும் கேள்வி இது. உடல் மூத்தாலும் அது மூப்பதில்லை, உடல் அழிந்தாலும் அது அழிவதில்லை என்பது பதில். ஒளிக்காமல் சொல்கிறேன், மயானத்திலிருந்து திரும்பிய இரவில் அந்தப் பதில் எனக்கு எட்டவில்லை. நெஞ்சுக்குழி காலியாகத்தான் இருந்தது. பல நாள் கழித்துத்தான் 'மறைத்தல்' என்ற பொருள் உறைத்தது. ஒருவர் இல்லாத இடமும், ஒருவர் மறைந்திருக்கும் இடமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலத்தானே இருக்கும்!

அரிமளத்தில் அந்தக் குழியை மூடி நூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே வந்து நிற்கிறவர்கள், சுவாமிகள் 'இருந்தார்' என்று சொல்வதில்லை. 'இருக்கிறார்' என்றுதான் சொல்கிறார்கள்.