புறங்கையில் ஒட்டிய தேன்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கிறது. இத்தகைய அரசு அலுவலகங்கள் ஒரு பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரினால், 1998ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. அறிவிப்பு பகிரங்கமாக இருக்கவேண்டும். விலை கூறியோர் முன்னிலையில் உறைகள் திறக்கப்பட வேண்டும். அரசாங்கப் பணத்துக்கு இத்தனை காவல்! இறைவனுக்கென ஒதுக்கப்பட்ட வக்புப் பணத்துக்கு நம் ஊர்களில் நாம் வைத்திருக்கும் காவல் என்ன?

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். பள்ளிவாசலுக்கு மதில் எழுப்ப வேண்டும். முத்தவல்லிக்குச் சொந்தமாகச் செங்கற்சூளை இருக்கிறது. சந்தை விலையைவிடச் சற்றுக் குறைத்தே கல் தருகிறார். ஜமாஅத்துக்கு நட்டமில்லை. இதில் குற்றம் என்ன?

வணிக ஒப்பந்தங்களையும் அறநிலையச் சட்டத்தையும் ஒருங்கே கற்ற வழக்கறிஞர் ஒருவர் முதலில் கேட்பது விலையை அன்று. வாங்கியவர் யார் என்பதையே. ஒப்பந்தம் என்பது இருவர் மனமொத்துச் செய்வது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்கு அதுவே அடித்தளம். இங்கோ ஒரு கை விற்கிறது; அவருடைய மறு கையே வாங்குகிறது. பள்ளிவாசலுக்காகப் பேரம் பேச எவருமில்லை.

1726இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. ரம்ஃபோர்டு என்னும் ஊர்ச் சந்தையின் குத்தகை ஒரு சிறுவனுக்கு உரியது. அதைப் புதுப்பித்துத் தருமாறு அவனுடைய பொறுப்பாளர் கேட்டார். சிறுவனுக்குத் தர உரிமையாளர் மறுத்துவிட்டார். பின்னர்ப் பொறுப்பாளர் அதைத் தம் பெயரிலேயே பெற்றுக்கொண்டார். அவர் வஞ்சித்ததாக எவரும் மெய்ப்பிக்கவில்லை. எனினும் குத்தகையும் இலாபமும் சிறுவனுக்கே என்று நீதிபதி கிங் பிரபு தீர்ப்பளித்தார். காரணம் நுட்பமானது: மறுக்கப்பட்டால் தமக்குக் கிடைக்கும் என்று அறிந்தவர், பிறருக்காக எவ்வளவு மன்றாடியிருப்பார்? அதை அவர் நெஞ்சைத் தவிர வேறு எவர் அறிவார்? அந்த நெஞ்சும் தனக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லாதா?

“தேனெடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான்?” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நம் மார்க்கம் அந்தக் கையைக் கட்டிப்போடவில்லை, அளவு சொல்லியிருக்கிறது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை அறமாக்கியபோது, அதை நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம், செல்வம் சேர்க்கலாகாது என்று நிபந்தனையிட்டார்கள். உழைப்புக்குரிய ஊதியத்தை வெளிப்படையாகப் பெறுவதில் இழிவில்லை. மறைவாக வருவதே அமானிதத்தை அரிக்கிறது. ஸக்காத் வசூலிக்கச் சென்றவர், தமக்கு வந்த அன்பளிப்பைத் தனியே எடுத்துவைத்தபோது, பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். பதவியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது எதுவோ, அதுவே நமக்குரியது.

ஊரில் இருப்பது ஒரே சூளை என்றால்? அப்போதும் வழியுண்டு. முத்தவல்லி தம் தொடர்பை முன்கூட்டியே சொல்லட்டும். முடிவெடுக்கும் வேளையில் எழுந்து வெளியே செல்லட்டும். மற்றவர்கள் விலை விசாரித்து, எழுதிக் கையொப்பமிடட்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. எழுதுவது ஐயத்தின் அடையாளமன்று. நல்லவரின் நற்பெயருக்கு அதுவே அரண்.

நேர்மையானவருக்கு இக்கட்டுப்பாடு மனவருத்தம் தரலாம். ஆனால் அவருக்குப்பின் அதே நாற்காலியில் அமரப்போகிறவர் எப்படிப்பட்டவரோ? இன்று இவர் ஏற்கும் சிறு சங்கடமே நாளை அந்தச் சொத்தைக் காக்கும்.