மாறாமல் கொடுக்க முடியுமா?

வயர்லெஸ் சார்ஜரின் மேல் கைபேசியை வைத்த மாத்திரத்தில் மின்சாரம் பாய்ந்துவிடுவதில்லை. முதலில் ஒரு விசாரணை நடக்கிறது. தட்டுக்குள் இருக்கும் செம்புக் கம்பிச்சுருள் அவ்வப்போது ஒரு சிறு துடிப்பை வெளியே விட்டுப் பார்க்கும். மேலே கிடப்பது சாவிக்கொத்தோ ஐந்து ரூபாய் நாணயமோ என்றால் பதில் வராது. கைபேசியாக இருந்தால், அதன் முதுகுக்குள் இருக்கும் இன்னொரு சுருள் அந்தத் துடிப்பின் பலத்திலேயே விழித்துக்கொண்டு பதில் சொல்லும்: இவ்வளவு வலுவாக வந்து சேர்ந்தது, நான் இன்ன வகை, எனக்கு இவ்வளவு வேண்டும். அதற்குப் பிறகுதான் கொடுக்கல் வாங்கல்.

அது எப்படிப் பதில் சொல்கிறது என்பது சுவாரசியமானது. இந்த உரையாடலுக்கென்று தனி ரேடியோ எதுவும் கிடையாது. கைபேசி தான் இழுக்கும் மின்சாரத்தை ஒரு கணக்கோடு கூட்டிக் குறைக்கிறது. அந்த ஏற்ற இறக்கம் கீழே இருக்கும் சுருளின் மின்னோட்டத்தையும் அசைக்கிறது. தன் உடம்பில் நேர்ந்த அந்த அசைவைத்தான் சார்ஜர் சேதியாக வாசிக்கிறது. உலகெங்கும் பயன்படும் க்யூஐ தரநிலை இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. கொடுப்பது, தானும் கொஞ்சம் மாறினால்தான் வாங்குவது யார் என்று அறிய முடியும்.

தத்துவ உலகில் இது பழைய வழக்கு. ஒன்று இன்னொன்றைத் தொடாமல் அதன்மேல் வேலை செய்யுமா? அசைப்பதும் அசைவதும் ஒட்டியே இருக்க வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதை இறையியலுக்குக் கொண்டுவந்தார். எவ்வளவு வல்லமை உள்ளதானாலும் நடுவில் ஓர் ஊடகம் இல்லாமல் தொலைவில் உள்ளதன்மேல் செயல்பட முடியாது; கடவுளோ எல்லாவற்றிலும் நேரடியாகச் செயல்படுகிறார்; ஆகவே அவருக்குத் தொலைவு என்று எதுவுமில்லை என்பது அவர் வாதம். நம் பக்கத்தில் கணாதரின் வைசேடிக சூத்திரம் காந்தக்கல்லை நோக்கி ஊசி நகர்வதைக் கவனித்தது. தள்ளுதலும் மோதுதலும் இல்லாமல் நடந்த அந்த அசைவுக்கு அது சொன்ன காரணம் அதிருஷ்டம், அதாவது கண்ணுக்குப் புலப்படாத ஒன்று.

நியூட்டனும் இங்கே தடுமாறினார். ஈர்ப்பு விசையைக் கணக்கிட்டுக் காட்டியவரே, 1693இல் ரிச்சர்ட் பென்ட்லி என்ற பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில், நடுவில் எதுவும் இல்லாமல் ஒரு பொருள் இன்னொன்றை இழுக்கும் என்பது சிந்திக்கத் தெரிந்த எவரும் ஏற்க முடியாத அபத்தம் என்றார். அந்த நடு ஆள் பருப்பொருளா இல்லையா என்பதை வாசகர் தீர்ப்புக்கு விட்டுவிட்டார். லைப்னிட்ஸ் சும்மா இருக்கவில்லை. இப்படிப்பட்ட ஈர்ப்பு ஓயாமல் நடக்கும் அற்புதமாகத்தான் இருக்க முடியும் என்று குத்திக் காட்டினார்.

வழக்கின் போக்கை மாற்றியது லண்டனில் ஓர் இரும்பு வளையம். 1831 ஆகஸ்ட் 29 அன்று மைக்கேல் ஃபாரடே அதன் ஒரு பக்கம் ஒரு கம்பிச்சுருளும் மறுபக்கம் இன்னொரு சுருளும் சுற்றி, முதல் சுருளை பேட்டரியில் இணைத்தார். இரண்டாவது சுருளிலிருந்து நீண்ட கம்பிக்கு அருகே வைத்த காந்த முள் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டது. இணைப்பைத் துண்டித்தபோது எதிர்த்திசையில் துள்ளியது. மின்னோட்டம் சீராக ஓடும்வரை முள்ளில் அசைவே இல்லை. மாறும்போது மட்டுமே மறுபக்கம் எட்டியது. இன்றைய சார்ஜர் தன் மின்னோட்டத்தை நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் திசை மாற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான். சாண்டிமேனியன் என்ற சிறு கிறித்தவச் சபையில் பின்னாளில் மூப்பராகவும் இருந்த ஃபாரடே, சுருள்களுக்கு நடுவே இருப்பது வெற்றிடம் என்பதை ஒப்பவில்லை. அங்கே விசைக்கோடுகள் இருக்கின்றன என்றார். புலம் என்ற கருத்து அங்கிருந்துதான் வளர்ந்தது. கைபேசியும் சார்ஜரும் சேர்ந்தால் அந்த வளையத்தை இரண்டாகப் பிளந்து, இடையில் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் காற்றும் வைத்த அமைப்புதான்.

ஆக, தொடாமல் கொடுக்க முடியும். புலம் என்ற நடு ஆள் இருக்கிறார். அடுத்த கேள்விதான் சிக்கலானது: அருகில் இருந்தாலே போதுமா?

சாங்கியர்கள் போதும் என்றார்கள். புருடன் என்ற உணர்வுப்பொருள் எதையும் செய்வதில்லை; அவன் சந்நிதி ஒன்றே பிரகிருதி என்ற சடப்பொருளை இயக்கிவிடுகிறது, காந்தத்தின் முன் இரும்பு நகர்வதைப் போல என்பது அவர்கள் வாதம். பிரம்மசூத்திர பாஷ்யத்தில் ஆதிசங்கரர் இதை மடக்குகிறார். சந்நிதி மட்டுமே காரணம் என்றால், புருடன் எப்போதும் அருகிலேயே இருப்பதால் இயக்கமும் ஓயாமல் நடக்க வேண்டுமே? காந்தத்தின் கதை வேறு. அது எப்போதும் இரும்பின் அருகில் இருப்பதில்லை, கொண்டுவந்து வைக்க வேண்டும். துடைத்துச் சுத்தமும் செய்ய வேண்டும். ஆகவே அந்த உவமை இங்கே செல்லாது என்கிறார். அருகில் இருப்பதும் ஒரு வேலை, அதற்கும் நிபந்தனைகள் உண்டு என்பது அந்த மறுப்பின் சாரம்.

இந்த மறுப்பைக் கைபேசி நிறுவனங்கள் தங்கள் கைக்காசு போட்டுக் கற்றுக்கொண்டன. 2012இல் நோக்கியா லூமியா 920 க்யூஐ வசதியோடு வந்தது. ஐபோனுக்கு அது 2017இல் ஐபோன் 8, ஐபோன் எக்ஸ் மாடல்களில்தான் வாய்த்தது. உலோக முதுகு மின்காந்தப் புலத்தைத் தடுக்கும் என்பதால் கண்ணாடி முதுகுக்கு மாற வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் ஏர்பவர் என்ற தட்டை அறிவித்தது. கைபேசி, கைக்கடிகாரம், இயர்போன் பெட்டி மூன்றையும் தட்டின் எந்த மூலையில் வைத்தாலும் சார்ஜ் ஏறும் என்பது அதன் வாக்குறுதி. வெறும் சந்நிதியே போதும் என்ற சாங்கியக் கனவுதான் இது. 2019 மார்ச்சில், எங்கள் தரத்தை எட்டவில்லை என்று சொல்லி அந்தத் திட்டத்தை ஆப்பிள் கைவிட்டது. தட்டு கடைக்கு வரவே இல்லை.

நிலைத்தது எதிர்வழி. 2009இல் பாம் ப்ரீ கைபேசிக்கு வந்த டச்ஸ்டோன் சார்ஜரிலேயே காந்தங்கள் இருந்தன. கைபேசியைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்துவது மட்டுமே அவற்றின் வேலை. 2020இல் ஐபோன் 12 மேக்சேஃப் என்ற பெயரில் அந்த யோசனையைத் திரும்பக் கொண்டுவந்தது. சாதாரணத் தட்டில் 7.5 வாட் வாங்கிய ஐபோன், காந்தம் இழுத்து நடுவில் நிறுத்தியதும் 15 வாட் வாங்கியது. 2023இல் அறிவித்த க்யூஐ2 தரநிலையிலும் காந்த வளையம் ஏறியது. 2024இல் ஐபோன் 16 மேக்சேஃப் சார்ஜரில் 25 வாட்டை எட்டியது. அந்தக் காந்தங்கள் ஒரு துளி மின்சாரத்தையும் கடத்துவதில்லை. இரண்டு சுருள்களும் நேருக்கு நேர் அமரும்படி பார்த்துக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

சுருள்கள் கொஞ்சம் விலகினாலும் கணக்கு வெப்பத்தில் எழுதப்படுகிறது. நேராக இருந்தால்கூடக் கம்பிவழிச் சார்ஜைவிட இழப்பு அதிகம். 2020இல் ஒன்ஜீரோ என்ற அமெரிக்க இணைய இதழ் பிக்சல் 4 கைபேசியை வைத்து அளந்து பார்த்தபோது, அதே பேட்டரியை நிரப்ப வயர்லெஸ் வழியில் சராசரியாக 47 சதவீதம் கூடுதல் மின்சாரம் செலவானது. அதிகம் சூடானால் ஐபோன் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதை நிறுத்தி வைக்கும். ஒன்பிளஸ் 8 ப்ரோவின் 30 வாட் தட்டுக்குள் ஒரு குட்டி மின்விசிறியையே பொருத்தியிருந்தார்கள்.

தொலைவைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசம். 2007இல் மரின் சோல்யாசிச்சின் எம்ஐடி குழு இரண்டு மீட்டர் தள்ளி 60 வாட் பல்பை எரியவைத்தது. திறன் சுமார் 40 சதவீதம். 2021 ஜனவரியில் ஷாவ்மி, 144 ஆன்டெனாக்கள் கொண்ட பெட்டியிலிருந்து அறைக்குள் சில மீட்டர் தொலைவில் இருக்கும் கைபேசிக்கு 5 வாட் அனுப்பும் ஏற்பாட்டை அறிவித்தது. அந்தப் பெட்டியும் முதலில் கைபேசி அறையின் எந்த மூலையில் இருக்கிறது என்று கண்டறிந்து, அந்தத் திசையில் கற்றையைக் குவிக்க வேண்டும். இரண்டாவது கேள்வியில் சங்கரர் பக்கம்தான் தீர்ப்பு.

கொடுப்பது தான் மாறாமல் கொடுக்க முடியுமா என்ற மூன்றாவது கேள்வி சைவ சித்தாந்தத்தின் நடுவீட்டுக்கே வருகிறது. அக்வினாஸ் வாழ்ந்த அதே நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் மெய்கண்டார், சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் காந்தத்தையும் இரும்பையும் உவமையாக எடுக்கிறார். ஐம்பொறிகள் உயிரால் அறிந்தும் உயிரை அறியாததுபோல, உயிர்கள் இறைவனின் அருளால் அறிந்தும் அவ்வருளை அறிவதில்லை. காந்தத்தின் முன் இரும்பு இயங்குவதுபோல் உயிர் இயங்குகிறது. காந்தம் மட்டும் விகாரப்படுவதில்லை, அருளும் அப்படித்தான். கொடுக்கிறது, குறைவதில்லை, இயக்குகிறது, அசைவதில்லை.

ஆனால் காந்தம் அப்படிப்பட்டதில்லை. 1687இல் வெளியான பிரின்சிபியாவில் நியூட்டன் ஒரு சோதனையைச் சொல்கிறார். காந்தக்கல்லையும் இரும்பையும் தனித்தனிப் பாத்திரங்களில் வைத்து, அசையாத தண்ணீரில் ஒன்றையொன்று தொடும்படி மிதக்கவிட்டார். காந்தம் மட்டும் இழுப்பதாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன. காந்தம் இரும்பை எவ்வளவு இழுத்ததோ அவ்வளவு இரும்பும் காந்தத்தை இழுத்தது. சார்ஜரில் இது இன்னும் அப்பட்டம். மேலே இருக்கும் கைபேசி வாங்க வாங்க, கீழே இருக்கும் சுருள் அந்தச் சுமையை உணர்கிறது. சுமை தெரியாத சுருள் எதையும் கொடுப்பதில்லை.

சித்தாந்திக்கு இதற்குப் பதில் தயாராகவே இருக்கும். உவமை ஒருபுடைதான், நான்கு பக்கமும் பொருத்திப் பார்க்கக் கூடாது. அதற்கு மேலும் ஒரு நுட்பமான விடை உண்டு. இறைவனுக்குத் தன்னியல்பான சொரூப நிலை ஒன்று, உலகத்தோடு தொடர்புகொண்டு ஐந்தொழில் செய்யும் தடத்த நிலை ஒன்று. செயல்படுவது அவனுடைய சத்தி. சத்தி நடுவில் நிற்பதால் சிவம் மாறுவதில்லை. ஃபாரடேயின் புலத்தை நினைவூட்டும் ஏற்பாடுதான். ஆனால் பௌதிகத்தில் புலத்தோடு விவகாரம் முடிந்துவிடாது; வாங்குபவரின் பாரம் புலத்தின் வழியே திரும்பிவந்து கொடுப்பவரைத் தொட்டே தீரும்.

மதுரையில் சொல்லப்படும் கதை இந்தப் பௌதிகத்துக்கு நெருக்கமானது. வைகைக் கரை உடைந்தபோது, வந்திக் கிழவியின் உதிர்ந்த பிட்டுக்காகக் கூலியாளாக வந்த சிவன், வேலையை ஒழுங்காகச் செய்யாமல் ஆடிப்பாடித் திரிந்து பாண்டியனிடம் பிரம்படி வாங்கினான். அந்த அடி மன்னன் முதுகிலும் விழுந்தது, எல்லா உயிர்கள் மேலும் விழுந்தது என்கிறது திருவிளையாடற் புராணம். மாணிக்கவாசகர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அடி வாங்கிய அந்தத் திருமேனியில் காயம் இருந்தது என்றே திருவாசகத்தின் திருவம்மானையில் பாடுகிறார். விகாரமே இல்லாத பரம்பொருளுக்குக் காயம் எப்படி வரும் என்று சாத்திரம் கேட்கலாம். அதே சமயம், திருமுறை வரிசையில் எட்டாவதாக வைத்து ஓதப்படும் திருவாசகத்தை எந்தச் சைவரும் ஒதுக்கிவிட முடியாது.

மின்பொறியியல் மாணவர்களுக்கும் ஆரம்பப் பாடத்திலேயே மாறாத மூலம் ஒன்று வந்துவிடுகிறது. எவ்வளவு சுமை ஏற்றினாலும் மின்னழுத்தம் இம்மியும் இறங்காத அதற்கு இலட்சிய மின்மூலம் என்று பெயர். எந்தக் கடையிலும் அது கிடைக்காது. கணக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறார்கள். உள்ளிருப்புக்கு எல்லை இருப்பதால்தான் உங்கள் சார்ஜர் தளர்கிறது, எல்லையற்றதற்குத் தளர்ச்சி எதற்கு என்று சித்தாந்தி இங்கே கேட்டால் அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது எளிதல்ல.

பதில் கிடைக்காமல் நிற்பது இன்னொன்று. கைபேசிக்கு என்ன வேண்டும் என்பது, தான் அசைவதால் மட்டுமே சார்ஜருக்குத் தெரிகிறது. எதனாலும் அசையாத ஒருவனுக்கு அடியவனின் வேண்டுதல் எப்படித் தெரியும்? உயிரின் அறிவு ஒவ்வொன்றாகச் சுட்டி அறிவது, இறைவனின் அறிவு எதையும் சுட்டாமல் எல்லாவற்றையும் ஒருங்கே அறிவது என்கிறது சித்தாந்தம். வந்து சேர்ந்து அறிவிக்க வேண்டிய சேதியே அங்கே இல்லை. அப்படியானால் கேட்பது எதற்கு என்ற சந்தேகம் உடனே எழும். என்ன கேட்க வேண்டும் என்பதும் அவனுக்கே தெரியும் என்று ஒத்துக்கொண்ட மாணிக்கவாசகர், அடுத்த மூச்சிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.