மண்ணுக்குள்ளே ஓர் உயிர்



போன ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் ஒரு பையன் ஓடிவந்து என் அங்கியைப் பிடித்துக்கொண்டான். "ஃபாதர், நம்ம பெங்களூர்ல சாலமாண்டர் இருக்கா?" இல்லையப்பா, தவளைக்கு உறவான அந்த வால் பிராணி நம் நாட்டில் டார்ஜிலிங், மணிப்பூர் மாதிரி மலைப்பக்கம்தான் உண்டு என்றேன். முகம் வாடிவிட்டது. அதனால் நம் ஊர்த் தவளை ஒன்றின் கதையைச் சொன்னேன். அது இந்த வாரம் முழுக்க என் மன்றாட்டிலும் கூடவே வந்தது.

எலகங்கா தாண்டினால் ராஜானுகுண்டே. அந்தப் பக்கம் கிடைத்த ஒரு தவளையை, அதுவரை யாரும் பெயரிடாத இனம் என்று 2020இல் அறிவித்தார்கள். அறிவித்தவர்களில் ஒருவர் நம் மவுண்ட் கார்மல் கல்லூரியின் பி. தீபக். ஸ்பேரோதீகா பெங்களூரு என்று நம் நகரத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அது கிடைத்த இடம் அடர்ந்த காடு அல்ல. நாம் 'காலி சைட்' என்று சொல்லிக் கடந்துபோகிறோமே, அப்படிப்பட்ட புறநகர்த் தரிசு.

இந்த வகைத் தவளையின் பின்னங்காலில், பாதத்தின் உள்பக்கம், சின்ன மண்வெட்டி போல ஒரு புடைப்பு இருக்கும். அதைக்கொண்டு மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே இறங்கும். முதலில் இடுப்பு மறையும், பிறகு முதுகு, கடைசியில்தான் கண்கள். புதைந்துபோகும்போதும் முகம் வெளிச்சத்தைப் பார்த்தபடியே இருக்கும். தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோல் வழியே உறிஞ்சிக்கொள்ளும். வறண்ட மாதங்களில் மண்ணுக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும். மேலே நடப்பவருக்கு அது வெறும் கட்டாந்தரை. மழை இறங்கட்டும், எழுந்து வந்து தேங்கிய நீரில் முட்டையிடும்.

பிரியமானவர்களே, நம் பங்கில் சில முகங்களைக் காணோம். துணையை அடக்கம் செய்த பிறகு பூசைக்கு வராதவர் உண்டு. வேலை போன வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டவர் உண்டு. "அவங்க விசுவாசத்தை விட்டுட்டாங்க" என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டோமா? அந்தத் தரையடியில் உயிர் இருக்கிறதா என்று ஒருமுறையாவது குனிந்து பார்த்தோமா?

இறைவாக்கினர் எலியா சூரைச் செடியடியில் படுத்து, போதும் ஆண்டவரே என்றபோது, ஆண்டவர் அவரை அதட்டவில்லை. தூங்கவிட்டார். அப்பமும் தண்ணீரும் அனுப்பினார். இரண்டாம் முறையும் அனுப்பினார். நம்மை மண்ணிலிருந்து வனைந்தவருக்கு, மண்ணுக்குள் ஒளிந்தவரைத் தெரியாதா? இன்று கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மகளே, மகனே, நீ பின்வாங்கிப் போன நாளிலும் உன் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அதை அவர் கண்டார்.

சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்துக்கு நான் உட்கார்ந்திருப்பேன். வழியில் அந்த வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டி, கூட்டிக்கொண்டு வாருங்கள். மழை பெய்தாலும் கோயில் திறந்திருக்கும்.