காணவில்லை என்றால் இல்லையா?

“செக் பண்ணிட்டேன், ஒண்ணும் இல்ல.” கார் கராஜில் இதைவிட எளிதாகச் சொல்லப்படும் வாக்கியம் கிடையாது. சொல்பவன் பொய்யன் அல்ல. பார்த்தான், காணவில்லை, இல்லை என்கிறான். கடவுளைப் பற்றிய வாதத்திலும் ஒரு தரப்பு இப்படித்தான் பேசுகிறது. மறு தரப்போ, கேட்டது கிடைத்த ஒரு நாளைக் காட்டி, உண்டு என்கிறது. இரண்டு தரப்பும் எங்கே வழுக்குகின்றன என்பதை எனக்குக் காட்டியது குவைத் ஷுவைக் தொழிற்பேட்டையில் எங்கள் கராஜுக்கு வந்த ஒரு பழைய கார்.

ஓட்டியவர் ராமநாதபுரத்துக்காரர், எங்களுக்கெல்லாம் பாய். கோடை மதியத்தில், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் பட்டென்று அணைந்துவிடும். செல்ஃப் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. பாய் ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து வைத்து, இறைவனிடம் துஆ கேட்பார். அரை மணி நேரத்தில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிவிடும். எங்களிடம் வந்தால் சமர்த்தாக ஓடும். இக்னிஷன் மாட்யூலைக் கழற்றி ஏசி போட்ட ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டெஸ்டரில் போட்டால், நல்லது என்றே காட்டும்.

மாட்யூல் என்பது காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு விட்டு வெட்டும் எலக்ட்ரானிக் சுவிட்ச். முன்பு பாயின்ட் செய்த வேலை. அந்த வண்டியில் அது டிஸ்ட்ரிபியூட்டரின் வெளிப்பக்கம் இருந்தது. தன் சூட்டை உலோகத்துக்குக் கடத்த, அதன் அடியில் வெள்ளைப் பேஸ்ட் தடவியிருக்க வேண்டும். அது காய்ந்துபோனால் சூடு உள்ளேயே தேங்கி, ஸ்பார்க் நின்றுவிடும். ஆறியதும் திரும்ப வரும்.

காணாமையும் ஓர் அறிவு வழி என்று ஏற்றவர்கள் குமாரில பட்டரின் மரபைச் சேர்ந்த மீமாம்சகர்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: அந்தப் பொருள் அங்கே இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வெளிச்சமான அறையில் குடத்தைக் காணோம் என்றால் குடம் இல்லை. இருட்டறையில் காணோம் என்றால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. ஆறிப்போன மாட்யூலை டெஸ்டரில் போடுவது இந்த இரண்டாவது வகை.

அதற்காகக் கண்ணால் கண்டதை மட்டும் நம்புவேன் என்றும் இருக்க முடியாது. மணிமேகலையில் வரும் பூதவாதி அப்படிச் சொல்கிறான். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை மடக்குகிறாள். பிசின் ஊற்றி அடைத்த மாட்யூலின் உள்ளே நானும் பார்த்ததில்லை.

ஆனால் அனுமானத்திலும் பள்ளம் உண்டு. நெருப்பு இருந்தால் புகை வரும் என்பது சரியல்ல, விறகு ஈரமாக இருந்தால்தான் வரும் என்பார்கள் நியாய நூலார். அப்படி நடுவில் ஒளிந்திருக்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். துஆவுக்கும் ஸ்டார்ட் ஆவதற்கும் நடுவே ஒளிந்திருந்தது திறந்த பானட். ‘சூட்டில் நிற்கிறது, ஆகவே மாட்யூல்’ என்பதும் அதே பள்ளம்தான். சூட்டில் காயிலும் போகும். பெட்ரோல் லைனிலேயே ஆவியாகிவிடவும் செய்யும். ஆறினால் எல்லாமே சரியாகிவிடும்.

பாயிடம் பழைய பிளக் ஒன்றைக் கொடுத்தேன். “அடுத்த தடவை நின்ன உடனே, ஆறுறதுக்குள்ள, இதை பிளக் ஒயர்ல மாட்டி எஞ்சின்ல ஒட்ட வச்சு, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்க பாய்.” பார்த்தார், பொறி இல்லை. பெட்ரோல் கணக்கிலிருந்து கழிந்தது. பிறகு குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, ஹேர் டிரையரால் மாட்யூலை மட்டும் சூடாக்கினேன். அணைந்தது. அதன்மேல் ஈரத்துணியைப் போட்டேன். ஸ்டார்ட் ஆனது. காயிலைத் தொடவே இல்லை.

இதே வகைக் கோளாறில் வேறொரு கம்பெனியின் கதை நீதிமன்றம் வரை போனது. ஃபோர்டு 1983 முதல் டிஸ்ட்ரிபியூட்டரிலேயே பொருத்திய மாட்யூல்கள் சூட்டில் செயலிழந்து வண்டியை நிறுத்துகின்றன என்ற வழக்கில், 2000-ஆம் ஆண்டு கலிபோர்னிய நீதிபதி ஒருவர் அந்தக் கம்பெனி குறையை மறைத்ததாகத் தீர்ப்பளித்தார். மறு ஆண்டு சமரசம் ஆனது.

“அப்ப துஆனால ஸ்டார்ட் ஆகலேங்கிற” என்றார் பாய். “படைச்சவனைச் சோதிக்கக் கூடாது தம்பி.”

“நான் சோதிச்சது நம்ம அனுமானத்தை பாய்” என்றேன்.

நான் தகர்த்தது ‘துஆ கேட்டதால் ஸ்டார்ட் ஆனது’ என்ற ஒரு முடிவை மட்டும். துஆவைக் கேட்க ஒருவன் இருக்கிறானா என்பதற்கு ஹேர் டிரையர் சாட்சி சொல்லாது. இல்லை என்பவர், இருந்திருந்தால் எந்த இடத்தில் எப்படித் தெரிந்திருப்பான் என்று முதலில் சொல்ல வேண்டும். பலித்ததே ஆதாரம் என்பவர், பலிக்காத நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் மனமில்லாதவர் தன் நிலையை நம்பிக்கை என்றே சொல்லிக்கொள்ளலாம். அதில் இழுக்கில்லை. அதற்கு நிரூபணம் என்று பெயர் வைப்பதுதான் தவறு. பாய் தன் துஆவை நிரூபணம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. புது மாட்யூல் போட்ட பிறகும் துஆவை விடவில்லை.