மலையின் பெயர் பட்டியலில் உண்டா?

2013 ஜூலை 18 அன்று ஒடிசாவின் ராயகடா மாவட்டத்தில், செர்காபாடி என்ற மலைக்கிராமத்தில் கிராமசபை கூடியது. மாவட்ட நீதிபதியே வந்து அமர்ந்து கவனித்தார். உச்ச நீதிமன்றம் அந்த ஏப்ரலில் தந்த தீர்ப்பின்படி ஊரார் முன் வைக்கப்பட்ட கேள்வி இது: நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டினால் உங்கள் வழிபாட்டுக்கு ஊறு வருமா?

ஏறக்குறைய ஒரு மாதத்தில் பன்னிரண்டு ஊர்களில் இதே கேள்வி கேட்கப்பட்டது. பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன. அடியில் கிடந்தது 7 கோடி டன்னுக்கும் மேற்பட்ட பாக்சைட். 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது.

திட்ட மேலாண்மை படித்தவர்கள் எந்த வேலையையும் ஸ்டேக்ஹோல்டர் பட்டியலோடுதான் தொடங்குவார்கள். 1984இல் எட்வர்ட் ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதற்குத் தந்த இலக்கணம் தாராளமானது: நிறுவனத்தின் நோக்கத்தைப் பாதிக்கக்கூடியவர்கள், அதனால் பாதிக்கப்படக்கூடியவர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு. நடைமுறையில் பட்டியல் சுருங்கிவிடுகிறது. 1997இல் மூன்று ஆய்வாளர்கள் முன்வைத்து, பிறகு பாடநூல்களில் நிலைத்துவிட்ட அளவுகோல்கள் அதிகாரம், நியாயம், அவசரம் என மூன்று. கடன் கொடுத்த வங்கிக்கு மூன்றும் இருக்கின்றன. மலைக்கும் ஓடைக்கும் இன்னும் பிறக்காத பிள்ளைக்கும் நியாயம் ஒன்றுதான் இருக்கிறது. 1987இல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் அறிக்கை வருங்காலத் தலைமுறையின் தேவையை வளர்ச்சியின் இலக்கணத்துக்குள்ளேயே சேர்த்தது. ஆனால் அந்தத் தலைமுறைக்காகக் கூட்டத்தில் யார் எழுந்து பேசுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பேசாத ஒன்றுக்கு உரிமை எப்படி வரும் என்று கேட்கலாம். நம் ஊரில் இதற்கு விடை பழசு. கோயில் நிலத்துக்கான பட்டா சுவாமி பெயரில்தான் இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் தெய்வம் சொத்து வைத்திருக்கலாம். தன் சார்பில் ஒருவரைக் கொண்டு வழக்கும் தொடுக்கலாம். மரங்களுக்கும் இப்படி ஓர் இடம் தர வேண்டும் என்று கிறிஸ்டோபர் ஸ்டோன் 1972இல் அமெரிக்காவில் வாதாடியபோது பலருக்கு அது புதுமையாகப் பட்டது. 2017இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக ஏற்றது. ஆற்றின் முகமாக இருந்து பேச இருவர்: ஒருவரை அரசும் இன்னொருவரை அங்குள்ள மாவோரி மக்களும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நியமகிரியின் கதை இவற்றைவிடச் சிக்கலானது, ஆழமானதும்கூட. டோங்ரியா கோண்ட் மக்களுக்கு அந்த மலையே நியம ராஜா. உச்சியில் மரம் வெட்டக்கூடாது என்பது அவருடைய நியமம். தெய்வம் இருக்கும் இடம் எது என்று வரைபடத்தில் புள்ளி தேடியவர்களுக்கு, மலை முழுவதும்தான் என்று கிராமசபைகளில் பதில் கிடைத்தது. தெய்வத்தைப் பற்றிச் சொன்ன அதே மூச்சில் அவர்கள் ஓடையையும் கிழங்கையும் அன்னாசித் தோட்டத்தையும் சொன்னார்கள். வழிபாடு வேறு, வாழ்வாதாரம் வேறு, சுற்றுச்சூழல் வேறு என்று அவர்கள் கூறுபோடவில்லை. அப்படிக் கூறுபோடுவது திட்ட அறிக்கைகளின் பழக்கம்.

பக்தியை வெறும் சுற்றுச்சூழல் உத்தியாகப் பார்ப்பது அந்த மக்களைச் சிறுமைப்படுத்துவதாகும். நியம ராஜாவை நம்பாத பொறியாளருக்கும் இங்கே ஒரு கடமை உண்டு: ஒரு சமூகம் எதைத் தன்னைவிடப் பெரியது என்று வைத்து வாழ்கிறதோ, அதைப் பற்றிப் பேசும் தகுதி அந்தச் சமூகத்துக்கே முதலில் உண்டு என்று ஏற்பது. அந்த மலையின் தேவையை ஆலோசகர்களைவிட அவர்கள்தான் நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள்.

கேள்வியைப் போலவே அதைக் கேட்கும் நேரமும் முக்கியம். மலையடிவாரத்தில், லாஞ்சிகரில், ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் திறனுள்ள அலுமினா ஆலை முதலில் எழுந்தது. 2007க்குள் உற்பத்தியும் தொடங்கிவிட்டது. மலைமீது சுரங்கம் வரலாமா என்று மலைவாசிகளிடம் சட்டப்படி கேட்டது அதற்கும் ஆறு ஆண்டு கழித்துத்தான். அதற்குள் பணம் இறங்கிவிட்டது, ஆட்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள், அவர்களின் குடும்பங்களும் பாதிக்கப்படக்கூடியோர் ஆகிவிட்டன. ஆலைக்கு இடம் தேடும் நாளிலேயே கேட்டிருந்தால் வேண்டாம் என்ற பதில் யாருக்கும் நட்டமாக இருந்திருக்காது. நீடித்த தன்மையை அறிக்கையின் கடைசி அத்தியாயத்தில் சேர்ப்பவர்கள் தவறவிடுவது இந்த வரிசையைத்தான்.

நியமகிரி தப்பியதால் ஆலையின் பசி அடங்கவில்லை. 2018 முதல் கொடிங்கமாலி மலையிலிருந்து பாக்சைட் அங்கே போகிறது. 2023இல் சிஜிமாலி மலையின் சுரங்கமும் ஏலத்தில் அந்த ஆலையை நடத்தும் நிறுவனத்துக்கே கிடைத்தது. அங்கேயும் ஊரார் எதிர்க்கிறார்கள். கிராமசபைகள் முறையாக நடந்தனவா என்பதே இப்போது அங்கே சண்டை.