காசு வாங்கிய பிறகும் அது விருந்தா?

செங்கத்துக்கு வடக்கே ஜவ்வாது மலை. சங்க காலத்தில் இந்த ஊர் செங்கண்மா, அரசன் நன்னன். அவனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடி நீளும் ஆற்றுப்படை. நன்னனிடம் எப்படிப் போய்ச் சேர்வது என்று ஒரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறது பாட்டு. காட்டுப்பன்றிக்கு வைத்த கற்பொறி, தினைப்புனத்தில் காவல் இருப்பவர்கள் வீசும் கவண் கல், கால் வழுக்கும் பாறை என்று ஒவ்வோர் ஆபத்தையும் எச்சரிக்கிறது. அப்புறம் இரவு எங்கே தங்குவது என்ற பேச்சு வருகிறது. மலைக்குடிகளின் வாசலில் தயங்கி நிற்காதீர்கள், உங்கள் வீடு மாதிரி உள்ளே போங்கள், உறவுக்காரர் போலப் பேசுவார்கள், இறைச்சியும் தினைச் சோறும் கிடைக்கும், மூங்கிலில் முற்றிய தேன்கள்ளும் உண்டு என்கிறது. பாட்டில் குறிக்கப்படும் நவிரமலை பருவதமலைதான் என்பவர்கள் உண்டு, ஜவ்வாதுத் தொடர்தான் என்பவர்களும் உண்டு. எதுவானாலும் வட்டாரம் இதுதான்.

பாட்டில் பலர் கவனிக்காத ஒரு சின்ன நிபந்தனை இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் தாங்கள் நன்னனின் கூத்தர் என்று சொல்ல வேண்டும். அந்தப் பெயரைச் சொன்னால் கதவு திறக்கும். சொல்லாதவனுக்கு என்ன கிடைக்கும் என்று பாட்டு பேசவில்லை.

இன்று ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்குப் போகிறவர் அறைக்குப் பணம் கட்டுகிறார், ஆதார் நகல் கொடுக்கிறார், காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு பீமன் மடவு அருவிக்குக் கிளம்புகிறார். இவர் விருந்தாளியா, வாடிக்கையாளரா? வள்ளுவர் இல்லறவியலில் விருந்தோம்பலுக்குப் பத்துக் குறள் ஒதுக்கினார். ஒன்றிலும் கட்டணம் இல்லை. விருந்தினரைத் தெய்வமாகக் கொள்ளச் சொல்லும் தைத்திரீய உபநிடத வாசகத்தையோ சுற்றுலாத் துறை விளம்பரத்துக்கே எடுத்துக்கொண்டது. தெய்வத்திடம் ஜிஎஸ்டி வாங்கலாமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கேள்வி கூர்மையாவது பழைய வீடுகளில். ஜவ்வாது மலையில் தங்குவதற்கு அரண்மனையோ மாளிகையோ கிடையாது. மலையின் மிகப் பழைய ‘வீடு’ கீழ்ச்செப்பிலிப் பக்கத்துக் கற்திட்டைகள்தான். பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியாக வைத்தவை அவை. குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்கிறார்கள் ஊரார். செத்தவர்களுக்குக் கட்டியது என்கிறது தொல்லியல். உயிரோடு இருப்பவர் காசு கொடுத்துப் பழைய வீட்டில் படுக்க வேண்டுமானால் செட்டிநாட்டுக்குத்தான் போக வேண்டும்.

காரைக்குடியில் ஒரு காலத்தில் குடும்பத்து ஆண்களின் கிளப்பாக இருந்த பங்களாவை மீனாட்சி மெய்யப்பன் 1999-இல் விடுதியாக்கினார். கானாடுகாத்தானில் மகளுக்காகக் கட்டிய விசாலம் என்ற வீடு இப்போது விடுதி. செட்டிநாட்டு ஊர்களை 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் சேர்த்தார்கள்.

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அதற்குப் பின்னே சமையல்கட்டு. வெளியிலிருந்து வரும் ஆண்களுக்கு முகப்போடு சரி. வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. ஒரு அறை ஒரு புள்ளிக்கு, அதாவது ஒரு தம்பதிக்கு. அங்கே சீர் சாமானும் வெள்ளியும் பூட்டிக் கிடக்கும், தூங்குவதற்குத் திண்ணையும் கூடமும் இருக்கவே இருக்கின்றன. இப்படி இருந்த வீட்டை விடுதியாக்கினால், ஊர் பேர் தெரியாதவர் அந்தக் காலத்தில் சம்பந்திகூட எட்டிப் பார்க்காத அறையில் கட்டில் போட்டுப் படுக்கிறார். முன்னோருக்குப் படைப்பு போடும் வீட்டில் அவர் ஏசி ரிமோட்டைத் தேடுகிறார். விருந்தாளியை இவ்வளவு உள்ளே விட்ட காலம் முன்பு இருந்ததில்லை. விட்டது அன்பு அல்ல, ஓட்டுக்கூரையைப் பழுது பார்க்கும் செலவு.

இதைக் குறையாகச் சொல்லக் கூடாது. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் சிதறிக் கிடக்க, எத்தனையோ வீடுகள் இடிந்தன. அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. தப்பித்த வீடுகளில் சில, விருந்தாளியின் காசால் தப்பித்தவை. ஆனால் இங்கே ஒன்று தலைகீழாகிவிட்டது. விருந்துக்காக வீடு என்பது போய், வீட்டுக்காக விருந்து என்றாகிவிட்டது.

காரைக்குடி இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்து இளையான்குடியில் இதற்கு நேர் எதிரான கதை ஒன்று உண்டு. மழை கொட்டும் இரவில் ஒரு சிவனடியார் பசியோடு வருகிறார். அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவரான மாறனார் வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. பகலில் விதைத்த நெல்லை வாரி வரலாமே என்று மனைவி யோசனை சொல்கிறார். மாறனார் இருட்டில் வயலுக்குப் போய் மிதக்கும் முளைநெல்லை வாரிக் கூடையில் கொண்டுவருகிறார். அடுப்பெரிக்க விறகு இல்லை என்றதும் கூரை வரிச்சுகளை அறுத்துப் போடுகிறார். வீடு அடுப்புக்குள் போகிறது. பெரிய புராணம் இதைத்தான் உச்சம் என்று கொண்டாடுகிறது. பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு பேசும் எவருக்கும் இதைக் கேட்டால் வயிறு கலங்கும்.

இலவச விருந்துதான் உயர்ந்தது என்று அங்கேயே முடித்துவிடலாம். ஆனால் தமிழ்நாட்டுச் சத்திரங்களின் வரலாறு விடாது. இரண்டாம் சரபோஜி 1802-இல் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் காசு வாங்காமல் சோறு போட்டது. அப்படிப்பட்ட சத்திரங்களில் பந்தி சாதி பார்த்தே பிரிந்தது. மலைபடுகடாம் நன்னன் பெயரைக் கேட்டது, சத்திரம் குலத்தைக் கேட்டது. காசு அதைக் கேட்க வேண்டியதில்லை, கட்டியவனுக்கு அறை. அதுவும் தானாக நடந்துவிடவில்லை. காசு வாங்கிச் சோறு போட்ட ஓட்டல்களும் மாட்டிய ‘பிராமணாள்’ பெயர்ப்பலகையை எதிர்த்து 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியார் தொண்டர்கள் மறியல் செய்ய வேண்டியிருந்தது. ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் 1795-இல் அந்நியனுக்கு வந்து போகும் உரிமை மட்டும் உண்டு, விருந்தாளியாக இருக்கும் உரிமை கிடையாது என்று எழுதினார். வறட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் தானத்தின் தயவில் நின்று அவமானப்பட்டவர்களுக்கு அந்தக் குறைந்தபட்ச உரிமை சின்ன விஷயமில்லை.

அப்படியானால் காசு கொடுத்துத் தங்கும் வீட்டில் எது விருந்து? ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்ட விதி, தெரிந்தோ தெரியாமலோ ஒரு பதில் வைத்திருக்கிறது. ஆறு அறைக்கு மேல் கூடாது. உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். வாங்கும் காசை விதி தடுக்கவில்லை. வீட்டுக்காரரும் அதே கூரைக்குக் கீழே தூங்குகிறாரா என்று மட்டும் பார்க்கிறது. செட்டிநாட்டு மாளிகை விடுதிகள் பல இந்தச் சோதனையில் தேறாது. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்று தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து, வந்தவருக்குச் சாமைச் சோறு போட்டால் தேறிவிடும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அறுபத்துமூவர் வரிசையில் நிற்பது மாறனார். யோசனை சொன்னதும் ஆக்கிப் போட்டதும் மனைவி. சிலப்பதிகாரத்தில் கோவலன் பிரிந்திருந்த நாட்களில் தான் இழந்தவற்றைக் கண்ணகி சொல்லும்போது விருந்தை எதிர்கொள்வதையும் சேர்த்துக்கொள்கிறாள். கணவன் இல்லாத வீட்டில் அவளுக்கு அந்த அறமும் இல்லை. இந்த மரபில் விருந்தின் புண்ணியம் ஆணின் கணக்கிலும் வேலை பெண்ணின் கையிலும் இருந்தன. ஜவ்வாது மலையில் ஒரு பெண் தன் வீட்டில் தங்குகிறவரிடம் இரவுக்கு இத்தனை ரூபாய் என்று தானே சொல்லி, தானே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டால், விருந்தோம்பல் குறைந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல வருகிறவர் முதலில் மாறனார் மனைவிக்குக் கூலி என்ன என்று கணக்குச் சொல்ல வேண்டும்.